கனவில் வந்த ஈரக்குடை

அம்மா போய் எட்டு மாதம் கழித்து, ஒரு விடிகாலையில் அந்தக் கனவு வந்தது. வாசலில் நிற்கிறாள். கையில் மடக்கிய குடை, அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வெளியே நல்ல வெயில். "மழை எங்கம்மா பெய்யுது?" என்கிறேன். பதில் சொல்லாமல் குடையை மூலையில் சாத்திவிட்டு அடுக்களைக்குள் போகிறாள். பின்னாலேயே போனால் அங்கே அடுக்களை இல்லை, நான் படித்த வகுப்பறை. யாரோ வருகைப் பதிவு வாசிக்கிறார்கள். என் பெயர் வரவே இல்லை.

அழுதுகொண்டே எழுந்து, அன்றைக்கே அப்படியே எழுதினேன். பதினோரு பக்கம். படித்த நண்பர் இரண்டு நாள் கழித்து, "உனக்கு வலிச்சது தெரியுது. எனக்கு வலிக்கல" என்றார். ரொம்ப நாள் உறுத்திய வார்த்தை அது. கனவில் எதுவும் நடக்கலாம் என்று தெரிந்துவிட்டால் வாசகருக்குப் பதைப்பு போய்விடுகிறது. அடுக்களை வகுப்பறையானபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. அவருக்கு அது வெறும் இடமாற்றம்.

ஒரு வருஷம் கழித்து, குடையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிட்டேன். புதுக் கதையில் கனவு என்ற சொல்லே கிடையாது. மழை பெய்து பல வாரம் ஆன ஒரு வீடு. மூலையில் குடை, அதன் கீழே தரையில் ஈரம். மகள் தினமும் துடைக்கிறாள். அப்பா பார்க்காத மாதிரி தாண்டிப் போகிறார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. அதே நண்பர், "அந்த அப்பா எப்போ துணிய எடுப்பாரு, எப்போ எடுப்பாருன்னே படிச்சேன்" என்றார்.

இப்போதெல்லாம் விழித்ததும் அசைவதில்லை. கண்ணை மூடியபடியே கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கிப் போவேன். எழுந்து உட்கார்ந்தாலே பாதி போய்விடும், போனைத் தொட்டால் மொத்தமும் போய்விடும். கண்கள் இமைக்குள் ஓடும் அந்தக் கனவுத் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிஷத்துக்கு ஒரு தரம் வரும், விடிய விடிய நீண்டுகொண்டே போகும். அதனால்தான் விடிகாலைக் கனவு கைக்கு அகப்படுகிறது. முதலில் குறித்துக்கொள்வது என்ன நடந்தது என்பதையல்ல. கையில் என்ன இருந்தது, சூடா குளிரா, நெஞ்சில் என்ன பாரம் என்பதைத்தான். உங்களுக்கு எப்படி?

மறுமொழி

எனக்குக் காட்சி வராது, குரல்தான் வரும். ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சி மாதக்கணக்கில் இழுத்தடித்தது. கணவன் மனைவி பிரிகிறார்கள். என்ன வசனம் வைத்தாலும் சத்தமாகவே இருந்தது. படுக்கும் முன் அந்தப் பக்கத்தை ஒரு முறை வாசித்துவிட்டுப் படுக்க ஆரம்பித்தேன். மூன்றாம் இரவு கனவில் அந்த ஆள் பேசினார். இருபது வருஷமாக "நீ" என்று கூப்பிட்டவளிடம், "நீங்க சாப்டாச்சா?" என்றார். சட்டென்று விழித்துக்கொண்டேன். பிரிவு முழுக்க அந்த "நீங்க"வில் இருந்தது. இருந்த வசனங்களில் முக்கால்வாசியை வெட்டிவிட்டேன்.

ஒரே ஆளுக்குள் நல்லவனும் கெட்டவனும் இருக்கும் ஜெகில், ஹைடு கதை, அதை எழுதிய ஸ்டீவன்சனுக்குக் கனவில் கிடைத்தது என்பார்கள். 1888இல் அவரே எழுதிய கட்டுரையில் விஷயம் இன்னும் தெளிவாக இருக்கிறது. மனிதனுக்குள் இருக்கும் இரண்டாவது ஆளைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தவர், இரண்டு நாள் மூளையைக் கசக்கியும் வழி தெரியாமல் இருந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் கனவு வந்தது. அதுவும் ஒன்றிரண்டு காட்சி மட்டும். மற்றதை விழித்திருந்துதான் எழுதினார். பகலில் தட்டிக்கொண்டே இருந்த கதவுதான் ராத்திரியில் திறக்கிறது என்று நான் நம்புகிறேன்.

மறுமொழி

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எல்லாக் கனவையும் எழுத்துக்குத் தீனியாக்க வேண்டாம். விபத்துக்குப் பிறகு ஒரே கனவு வாரத்துக்கு நான்கு தரம் வந்தது. பிரேக்கை மிதிப்பேன், கால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கதையாக்கலாம் என்று தினமும் எழுதியதில் இன்னும் மோசமானது. மனநல மருத்துவர்தான் வேறு வழி காட்டினார். பகலில் அந்தக் கனவுக்கு வேறு முடிவு எழுதி, அதைத் தினமும் சில நிமிஷம் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். என் முடிவில் வண்டி மெதுவாக ஒரு வயலில் இறங்கி நிற்கும். சில வாரத்தில் கனவு குறைந்தது. அந்தப் பக்கங்களை யாருக்கும் காட்டவில்லை, காட்டப்போவதும் இல்லை.

மறுமொழி

குடையை மட்டும் வைத்துக்கொண்டேன் என்றதும் கண்ணகி நினைவுக்கு வந்தாள். சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதையில், தான் கண்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். கணவன் கைப்பிடித்து ஒரு பெரிய ஊருக்குப் போனது, வீண்பழி, அரசன் முன் வழக்குரைத்தது, ஊருக்கு வந்த கேடு. இதற்குப் பின் தங்களுக்கு வாய்த்த நன்மையைச் சொன்னால் சிரிப்பாய் என்று நிறுத்திவிடுகிறாள். மதுரை எரிவது தெரிந்தே படிக்கிறோம், ஆனாலும் எனக்கு அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். என் நோட்டில் நாலு பக்கத்துக்கு ஒரு கனவு கிடக்கிறது. இன்றைக்கு அதில் அவள் சொல்லாமல் விட்டதைப் போன்ற இடம் எது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.