மியூச்சுவல் ஃபிளாக் போட்டதும் கிளையன்ட் ஹேங் ஆகிறது (ஜிஎஸ்எஸ்ஏபிஐ, கெர்பரோஸ், சி)

கேள்வி:
வணக்கம். லினக்ஸில் ஓடும் பழைய கிளையன்ட், சர்வர் இரண்டும் என் கைக்கு வந்திருக்கின்றன. எழுதினவர் வேலையை விட்டுப் போய்விட்டார், கோடில் ஒரு வரி கமெண்ட் கிடையாது. எம்ஐடி கெர்பரோஸ் (டிக்கெட் மூலம் அடையாளத்தை நிரூபிக்கும் முறை) லைப்ரரி, ஜிஎஸ்எஸ்ஏபிஐ (அதைக் கூப்பிட உதவும் பொதுவான ஃபங்ஷன் தொகுப்பு) வழியாக லாகின். இதுவரை கிளையன்ட் மட்டும்தான் தன்னை நிரூபித்தது. சர்வரும் நிரூபிக்க வேண்டும் என்று ஆடிட்டில் சொல்லிவிட்டார்கள். அதனால் ஜிஎஸ்எஸ்_சி_மியூச்சுவல்_ஃபிளாக்கைச் சேர்த்தேன். அதிலிருந்து கிளையன்ட் ரெசீவ் வரியில் அப்படியே நிற்கிறது. எரர் எதுவும் வருவதில்லை. சர்வர் லாக்கில் மட்டும் 'கான்டெக்ஸ்ட் ரெடி' (லாகின் முடிந்து செஷன் தயார்) என்று வருகிறது. ஃபிளாக்கை எடுத்தால் ஒழுங்காக ஓடுகிறது.

சர்வர் லூப் சுருக்கமாக இப்படி:

டோக்கனை (லாகினுக்காக இரண்டு பக்கமும் மாற்றிக்கொள்ளும் பைட் தொகுப்பு) வாங்கு
ஜிஎஸ்எஸ்_அக்செப்ட்_செக்_கான்டெக்ஸ்டைக் கூப்பிடு
'கன்டின்யூ நீடட்' வந்தால் அவுட்புட் டோக்கனை அனுப்பிவிட்டு மறுபடி மேலே போ
'கம்ப்ளீட்' வந்தால் லூப்பை விட்டு வெளியே வா

பதில் 1:
இரண்டு மெஷினிலும் நேரம் சரியா? 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் ஒத்துக்கொள்ளாது. ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் (ஐபி முகவரியிலிருந்து மெஷின் பெயரைத் தேடுவது) பாருங்கள். கான்ஃபிக் ஃபைலில் 'ஆர்டிஎன்எஸ்' என்பதை ஃபால்ஸ் ஆக்கினதும் எத்தனையோ பேருக்குச் சரியாகியிருக்கிறது.

பதில் 2:
நேரமோ பெயரோ தப்பென்றால் எரர் வந்திருக்கும். இங்கே சர்வர் டிக்கெட்டை ஏற்றுக்கொண்டாயிற்று, அதனால் அந்தப் பக்கம் தேட வேண்டாம்.

உங்கள் லூப்பின் கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். 'கம்ப்ளீட்' வந்தால் அனுப்ப ஒன்றும் இல்லை என்று அது நினைத்துக்கொள்கிறது. ஸ்டேட்டஸ் வேறு, அவுட்புட் டோக்கன் வேறு. ஸ்டேட்டஸ் சொல்வது, எதிர்ப்பக்கத்திலிருந்து எனக்கு இன்னும் ஏதாவது வர வேண்டுமா என்பதை மட்டும். என்னிடமிருந்து போக வேண்டியது இருக்கிறதா என்பதை டோக்கனின் நீளம்தான் சொல்லும்.

ஃபிளாக் இல்லாதபோது கிளையன்ட் ஒரு டோக்கன் அனுப்பும், இரண்டு பக்கமும் உடனே 'கம்ப்ளீட்', சர்வரின் அவுட்புட் டோக்கன் காலி. அதனால் இந்தக் குறை வெளியே தெரியவில்லை. மியூச்சுவல் என்றதும் கிளையன்டின் முதல் இனிட் (ஜிஎஸ்எஸ்_இனிட்_செக்_கான்டெக்ஸ்ட்) அழைப்பு 'கன்டின்யூ நீடட்' தரும். சர்வரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது, 'கம்ப்ளீட்' வரும். ஆனால் கூடவே ஏபி-ரெப் என்கிற பதில் டோக்கனும் கையில் இருக்கும். சர்வர் தன்னை நிரூபிப்பதே அதில்தான். உங்கள் கோடு அதை அனுப்பாமல் வெளியே வந்துவிடுகிறது, கிளையன்ட் அதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. இந்த ஃபங்ஷன்கள் எதுவும் சாக்கெட்டைத் தொடாது. டோக்கனைத் தயாரித்துத் தருவதோடு சரி, கொண்டு சேர்ப்பது நம் வேலை.

மாற்ற வேண்டியது: அழைப்பு முடிந்ததும் ஸ்டேட்டஸைப் பார்க்கும் முன்பே, நீளம் 0 இல்லையென்றால் அனுப்பிவிடுங்கள். எரர் வந்தாலும் அப்படித்தான். கெர்பரோஸ் எரர் டோக்கன் தயாராகியிருந்தால் அது போய்ச் சேர்ந்தால்தான் கிளையன்ட் பக்கம் காரணம் தெரியும். ஜிஎஸ்எஸ்ஏபிஐயின் ஸ்டாண்டர்டான ஆர்எஃப்சி 2743 இதை விளக்கமாகவே சொல்கிறது, எழுதுகிறவர்கள்தான் படிப்பதில்லை.

பதில் 3:
உள் நெட்வொர்க்தானே? ஃபிளாக்கை எடுத்துவிட்டு டிஎல்எஸ் (சர்வர் சர்டிஃபிகேட் காட்டி, கனெக்ஷனை என்க்ரிப்ட் செய்யும் முறை) போட்டால் ஆடிட்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

பதில் 2:
சர்டிஃபிகேட் வாங்குவது, புதுப்பிப்பது எல்லாம் தனி வேலை. இது ஒரு இஃப்-ஐ இடம் மாற்றினால் முடிகிற விஷயம்.

கேட்டவர்:
மிக்க நன்றி சார், ஹேங் போய்விட்டது. ஆனால் இன்னொன்று கிளம்பியிருக்கிறது. டெஸ்ட் யூசருக்கு எல்லாம் சரி. ஆக்டிவ் டைரக்டரியில் (மைக்ரோசாஃப்டின் யூசர் டைரக்டரி) இருக்கும் சில மேனேஜர்கள் லாகின் செய்தால் மட்டும் சர்வரில் 'டிஃபெக்டிவ் டோக்கன்'. அதே ஆள் சர்வர் மெஷினிலேயே கிளையன்டை ஓட்டினால் வேலை செய்கிறது. டோக்கனுக்கு முன்னால் 4 பைட்டில் நீளம் போகிறது. பிறகு அந்த நீளத்துக்கு ஒரே ஒரு ரெசீவ்.

பதில் 2:
அந்த 'ஒரே ஒரு ரெசீவ்'தான். டிசிபி பைட்டுகளை வரிசையாகத் தரும், ஆனால் நீங்கள் கேட்ட அளவை ஒரே தடவையில் தரும் என்று எந்த உறுதியும் கிடையாது. மேனேஜர்கள் நிறைய குரூப்பில் இருப்பார்கள். ஆக்டிவ் டைரக்டரி அந்தக் குரூப் விவரத்தை டிக்கெட்டுக்குள் வைக்கிறது, அதனால் டோக்கன் பல ஆயிரம் பைட் ஆகிவிடும். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட். முதல் துண்டு வந்ததும் ரெசீவ் திரும்பிவிடுகிறது, பாதி டோக்கன் அக்செப்ட்டுக்குப் போகிறது. அதே மெஷினுக்குள் லூப்பேக் வழியாகப் போனால் 65536 வரை ஒரே பாக்கெட்டில் போகும். அதனால்தான் அங்கே தப்பித்தது.

முழு நீளமும் வரும்வரை லூப்பில் படியுங்கள். நீளத்துக்கு உச்சவரம்பும் வையுங்கள். யாரோ ஒருவர் 4 ஜிபி என்று அனுப்பினால் அவ்வளவு மெமரியை மால்லாக் செய்துகொண்டிருக்கக் கூடாது. அதற்காக ரொம்பக் குறைத்துவிடவும் வேண்டாம். விண்டோஸ் 8, சர்வர் 2012 முதல் மேக்ஸ்டோக்கன்சைஸ் (டோக்கன் அளவின் உச்சவரம்பு) டீஃபால்ட்டே 48000 பைட்.

சந்தேகம் வந்தால் டோக்கனின் முதல் பைட்டைப் பிரின்ட் செய்து பாருங்கள். கெர்பரோஸில் ஆரம்ப டோக்கன் ஹெக்ஸில் 60 என்று தொடங்கும். ஏஇஎஸ் கீயோடு ஜிஎஸ்எஸ்_ராப் (மெசேஜைப் பாதுகாத்துக் கட்டித் தரும் ஃபங்ஷன்) செய்த மெசேஜ் 05 04 என்று தொடங்கும். வேறு ஏதாவது இருந்தால் நீங்கள் நடுவிலிருந்து படிக்கிறீர்கள்.

பதில் 4:
லாக் எழுதும்போது ஜிஎஸ்எஸ்_டிஸ்ப்ளே_ஸ்டேட்டஸை மேஜர் கோடுக்கு (ஜிஎஸ்எஸ்ஏபிஐயின் பொதுவான எரர்) ஒருமுறை, மைனர் கோடுக்கு (உள்ளே கெர்பரோஸ் தரும் எரர்) ஒருமுறை கூப்பிடுங்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் மைனரில்தான் இருக்கும். அவுட்புட் பஃபரை ஜிஎஸ்எஸ்_ரிலீஸ்_பஃபரால் விடுவியுங்கள், வெறும் ஃப்ரீ வேண்டாம்.

கேட்டவர்:
லூப் போட்டதும் மேனேஜர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். கடைசியாக ஒன்று கேட்கிறேன் சார். ஒரு பிராசஸ் லாகினை முடித்து, கனெக்ஷனை வேறு வொர்க்கர் பிராசஸிடம் கொடுக்க நினைக்கிறோம். ஜிஎஸ்எஸ்_எக்ஸ்போர்ட்_செக்_கான்டெக்ஸ்ட் அதற்குத்தானா? வேறு மெஷினுக்கும் அனுப்பலாமா?

பதில் 2:
அதற்குத்தான், ஆனால் அதே மெஷினுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட்டில் வருவதையும் டோக்கன் என்றுதான் சொல்வார்கள், லாகின் டோக்கனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்குள் செஷன் கீ இருக்கிறது, நெட்வொர்க்கில் விட்டால் கேட்கிறவன் எல்லாவற்றையும் படித்துவிடுவான். யூனிக்ஸ் சாக்கெட் வழியாகக் கொடுங்கள். எக்ஸ்போர்ட் ஆனதும் பழைய பிராசஸில் அந்தக் கான்டெக்ஸ்ட் செல்லாது, வொர்க்கர் இம்போர்ட் செய்துதான் பயன்படுத்த வேண்டும்.

சும்மா ஃபோர்க் செய்தால் போதாதா என்று யாராவது சொல்வார்கள். ஃபோர்க்கில் இரண்டு பிராசஸிடமும் ஒரே கான்டெக்ஸ்டின் நகல் இருக்கும். இரண்டும் ராப் செய்தால் ஒரே சீக்வென்ஸ் எண் இரண்டு தடவை போகும், எதிர்ப்பக்கம் 'டூப்ளிகேட் டோக்கன்' என்று சொல்லும். முடிந்தால் வொர்க்கரே அக்செப்டைச் செய்யட்டும், இந்தச் சிக்கல் எதுவும் வராது.

ஆடிட்டுக்கு ஒன்று: ஃபிளாக் போடுவது கேட்பது மட்டும்தான், கிடைத்ததா என்பது வேறு. கிளையன்ட் முடிந்த பிறகு ரெட்_ஃபிளாக்ஸில் (உண்மையில் கிடைத்த ஃபிளாக்குகள்) மியூச்சுவல் பிட் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கனெக்ஷனை மூடுங்கள். அந்தச் செக்கையும் அவர்களிடம் காட்டுங்கள்.