கல்முனைப் பகுதியில் சிறுவர் பேஸ்போல் லீக்: தொடங்குவதில் பயன் உண்டா?

பாண்டிருப்பான் எழுதியது:

அன்பின் உறவுகளுக்கு வணக்கம். கனடாவில் குடியேறியிருக்கும் எங்கள் ஊரவர்கள் சிலர், தங்கள் பிள்ளைகள் அங்கே விளையாடும் அயற்புறச் சிறுவர் பேஸ்போல் லீக்கைப் போன்ற ஒன்றை இங்கும் தொடங்குமாறு எமது விளையாட்டுக் கழகத்தைக் கேட்டிருக்கிறார்கள். பாவித்த கையுறைகளையும் மட்டைகளையும் அனுப்பி வைப்பதாகவும் சொல்கிறார்கள். கழகத்துக்குள் இது பற்றி இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. பாடசாலைகளில் எல்லே இருக்கிறது, வார இறுதியில் மென்பந்து கிரிக்கெட் நடக்கிறது, இந்நிலையில் ஊரில் எவரும் அறியாத விளையாட்டு எதற்கு என்று மூத்த உறுப்பினர்கள் கேட்கிறார்கள். பாடசாலை அணியில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு வேறு வழியே இல்லை என்பது மற்றவர்களின் வாதம். 9 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு, பெற்றோரே முன்னின்று நடத்தும் இத்தகைய லீக்கினால் உண்மையான பயன் உண்டா என்பதை அறிந்தவர்கள் கூறவும்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், மட்டக்களப்பு எழுதியது:

தம்பி, இந்த ஏற்பாடு எப்படித் தொடங்கியது என்பதைப் பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ்போர்ட் நகரில் கார்ல் ஸ்டொட்ஸ் என்பவர் மூன்றே மூன்று அணிகளுடன் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்போல் லீக்கைத் தொடங்கினார். ஆதரவு தந்தவை ஒரு மர வியாபார நிறுவனம், ஒரு பாற்பண்ணை, ஒரு தின்பண்ட உற்பத்தியாளர் ஆகியவையே. நமது ஊரில் ஓர் அரிசி ஆலையும் இரண்டு கடைகளும் சேர்ந்து செய்யக்கூடிய காரியம் அது. பெரியவர்களின் மைதானத்தில், அடித்தவர் ஓடித் தொட வேண்டிய தளங்களுக்கிடையே 90 அடி இருக்க, அவர் அதைச் சிறுவர்களுக்காக 60 அடியாகக் குறைத்தார். ஆட்டத்தைப் பிள்ளையின் அளவுக்கு வெட்டித் தைத்தார் என்று சொல்லலாம். நாமோ இன்றும் பத்து வயதுப் பையனைப் பெரியவர்களின் கிரிக்கெட் ஆடுதளத்தில் பந்துவீச விட்டுவிட்டு, அவனிடம் திறமை இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறோம்.

இதைவிட முக்கியமானது அவர்களின் கட்டாய வாய்ப்பு விதி. வழக்கமான பருவத்தின் ஒவ்வொரு போட்டியிலும் அணியிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது எதிரணியின் ஆறு ஆட்டமிழப்புகள் வரை களத்தில் நிற்கவும் ஒரு தடவையாவது துடுப்பெடுத்தாடவும் வேண்டும் என்பது அதன் அடிப்படை. வலய மட்டத்தில் வெல்வதற்காகத் தெரிவு செய்யப்படும் பாடசாலை அணியில் இத்தகைய விதியை நினைத்துப் பார்க்கவும் முடியாது; அங்கே வருடம் முழுவதும் தண்ணீர்ப் போத்தல் சுமந்த மாணவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அந்நிய விளையாட்டு என்ற தயக்கம் வேண்டாம். மட்டக்களப்பிலே வெபர் மைதானம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த வணபிதா ஹரல்ட் வெபரைப் போன்ற அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் புனித மிக்கேல் கல்லூரியில் வளர்த்த கூடைப்பந்தாட்டத்தை இன்று யாரும் அந்நியம் என்று சொல்வதில்லை. எல்லே ஆடிப் பழகிய பிள்ளைக்குப் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவதும் புதிதன்று. ஓடுபவர் மீது பந்தால் எறியும் பழக்கத்தைத்தான் முதலில் மறக்கச் செய்ய வேண்டியிருக்கும்!

மருதமுனை நெசவாளன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். ஆசிரியர் சேர் கூறியவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பயன் உண்டா இல்லையா என்பது அணிகளை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதிலேயே தங்கியிருக்கிறது. பாண்டிருப்பு, மருதமுனை, நற்பிட்டிமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று நமது ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஊருக்கு ஓர் அணி என்று பிரித்தால் முதலாவது போட்டியே தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையிலான போட்டியாகிவிடும். ஒரு தவறான தீர்ப்பு வந்தால் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர்கள் என்ன பேசுவார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

சமூகம் நடத்தும் லீக் என்பதால் மட்டும் அது நல்லதாகிவிடாது என்பதற்கு லிட்டில் லீக்கின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1955ஆம் ஆண்டில் தென் கரோலினா மாநிலத்தின் சார்ள்ஸ்டன் நகரிலிருந்து கறுப்பினச் சிறுவர்களின் அணி ஒன்று மாநிலப் போட்டிக்குப் பதிவு செய்தபோது, வெள்ளையர் அணிகள் அனைத்தும் விலகிக்கொண்டன. போட்டியின்றியே வென்ற அந்த அணி, ஆடி வென்ற அணியே முன்னேறலாம் என்ற விதியைக் காரணம் காட்டி மேற்கொண்டு செல்லவும் தடுக்கப்பட்டது. பிள்ளைகள் இறுதிச் சுற்று நடந்த வில்லியம்ஸ்போர்ட்டுக்கு விருந்தினராக அழைக்கப்பட்டு, பார்வையாளர் பகுதியில் அமர்த்தப்பட்டார்கள். அவர்களை விளையாட விடுங்கள் என்று கூட்டம் குரல் எழுப்பியும் பலனில்லை. பெண்பிள்ளைகளோ நீதிமன்றம் வரை சென்ற பின்னர், 1974இல்தான் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள்.

ஆகவே இரண்டு மூன்று ஊர்களை ஒரே லீக்காக எடுத்து, பிள்ளைகளின் பெயர்களைக் கலந்து சீட்டுக் குலுக்கி அணிகளைப் பிரியுங்கள். என் மகனும் உங்கள் மகனும் ஒரே அணியில் இருந்தால், தோற்றாலும் ஒரே பக்கத்தில் நின்றுதான் நாம் தோற்க வேண்டும். இரு சமூகங்களின் பாடசாலைகளுக்கும் விடுமுறைகள்கூட ஒன்றாக வருவதில்லை. பாடசாலை ஊடாக இதைச் செய்ய முடியாததும் அதனால்தான்.

இயன்மருத்துவர், அக்கரைப்பற்று எழுதியது:

மருத்துவ நோக்கில் ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். பேஸ்போலில் பந்தெறியும் பிள்ளையின் முழங்கையும் தோளும் பெரும் பளுவைத் தாங்குகின்றன. வளர்ச்சி முடியாத எலும்பின் நுனிகள் மீண்டும் மீண்டும் எறிவதால் பாதிக்கப்படலாம். இதனால் லிட்டில் லீக் விதிகளின்படி 9, 10 வயதினர் ஒரு நாளில் 75 பந்துகளுக்கு மேலும், 11, 12 வயதினர் 85 பந்துகளுக்கு மேலும் எறியக் கூடாது. 66 அல்லது அதற்கு மேற்பட்ட பந்துகளை எறிந்த பிள்ளைக்கு நான்கு நாட்கள் ஓய்வு கட்டாயம். எண்ணிக்கையைப் பதிய ஒரு பெற்றோரை ஒவ்வொரு போட்டிக்கும் நியமியுங்கள். அந்தப் பொறுப்பை அணிப் பயிற்றுநரிடம் விடாதீர்கள். வெற்றி அருகில் இருக்கும்போது அவருக்கு எண்ண வராது.

தம்பிலுவில் வாசி எழுதியது:

வெளிநாட்டிலிருந்து வரும் கையுறைகளை நம்பி லீக் தொடங்கினால் அவை கிழியும் நாளில் லீக்கும் நின்றுவிடும் என்று அஞ்சுகிறேன். உலக பேஸ்போல் சொவ்ட்போல் சம்மேளனம் உருவாக்கிய பேஸ்போல்5 என்ற வடிவத்தை முதலில் பாருங்கள். அணிக்கு ஐவர், ஓர் இறப்பர் பந்து, தளங்களுக்கிடையே 13 மீற்றர், ஐந்து இன்னிங்ஸ். மட்டையும் கையுறையும் வேண்டியதில்லை, பந்தைக் கையாலேயே அடிக்க வேண்டும். பந்தெறிபவரே இல்லாததால் இயன்மருத்துவர் சொன்ன கவலையும் குறைகிறது. ஆண்களும் பெண்களும் கலந்து ஆடும் ஆட்டம் என்பதால் பெண்பிள்ளைகளைப் பின்னர் சேர்ப்போம் என்று தள்ளிப்போடவும் இடமிருக்காது. ஒரு கரப்பந்தாட்டத் திடலும் அதைச் சுற்றிக் கொஞ்ச வெளியும் போதுமானவை.

பாண்டிருப்பான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மாரி மழை ஓய்ந்த பின்னர் மாசி மாதமளவில் பேஸ்போல்5 வடிவத்தில் தொடங்குவது, சீட்டுக் குலுக்கி அணி பிரிப்பது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆட வாய்ப்பளிப்பதை எழுத்து விதியாக்குவது ஆகிய மூன்றையும் அடுத்த கூட்டத்தில் முன்வைக்கிறேன். மருதமுனை நண்பரே, உங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பெற்றோரை அழைத்து வர முடியுமா? போட்டி நாளைத் தீர்மானிப்பதில்தான் சிக்கல்: வெள்ளிக்கிழமை உங்களுக்குச் சரிவராது, ஞாயிறு காலை எங்கள் பிள்ளைகளுக்கு அறநெறி வகுப்பு, சனிக்கிழமை முழுவதும் ரியூசன்.

மருதமுனை நெசவாளன் எழுதியது:

ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு வைத்துக்கொள்வோம். வெயிலும் தணிந்திருக்கும், மஃரிப் தொழுகைக்கு முன்னர் இரண்டு ஆட்டங்களையும் முடித்துவிடலாம். நோன்பு மாதத்தில் மட்டும் இடைவெளி விடுங்கள். கூட்டத்துக்கு மூவராக வருகிறோம்.