இறந்தவர் வாங்கிய பர்சனல் லோனை மனைவி கட்டணுமா?

வணக்கம். வக்கீல்கள், பேங்க்ல வேலை பார்க்கிறவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க.

எங்க மாமா போன வருஷம் தவறிட்டார். ஒரு தனியார் பேங்க்ல ஈடு இல்லாம பர்சனல் லோன் வாங்கியிருந்திருக்கார். அத்தை அதுல ஜாமீன் கையெழுத்து எதுவும் போடலை. இப்போ வசூல் ஏஜென்ட் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல போன் பண்ணி, "வாரிசு நீங்கதானே, வீட்டை ஜப்தி பண்ணிடுவோம்"னு மிரட்டுறான். காலை 8 மணிக்கு முன்னாலயும் இரவு 7 மணிக்குப் பிறகும் கடன் கேட்டுக் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022லயே சொல்லியாச்சு. அவனுக்கா தெரியாது!

இறந்தவர் விட்டுப்போன சொத்து அளவுக்குத்தான் வாரிசுக்குப் பொறுப்புன்னு தெரியும். வீடு அத்தைக்கு அவங்க அப்பா எழுதிவச்சது. மாமா பேர்ல இருந்தது ஒரு பழைய பைக்கும், அத்தையை நாமினியா போட்ட சின்ன எஃப்.டி.யும்தான். அந்த எஃப்.டி. பணத்தைக் கடனுக்குக் கேட்க முடியுமா?

இன்னொண்ணு. "மாசம் 3,000 ரூபாய் கட்டச் சம்மதிக்கிறேன்"னு டைப் அடிச்ச பேப்பரை நேத்து நீட்டியிருக்கான். அத்தை கையெழுத்துப் போடலை. போட்டா அது அவங்க சொந்தக் கடனாயிடுமா?

பேங்குக்குப் புகார் அனுப்பி 30 நாள்ல பதில் வரலைன்னா ஆம்புட்ஸ்மேன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி அதிகாரி) போகலாமாம். மெயில் போதுமா, பதிவுத் தபால்தான் அனுப்பணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.