குளோபல்ஃபவுண்ட்ரீஸ் பங்கு: விற்பனை இறங்கியது, பணம் சேர்ந்தது, வாங்கலாமா?

வேலூரான்:
மற்ற கம்பெனிகளுக்குச் சிப் செய்து தரும் இந்தக் கம்பெனியின் பங்கைக் கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். 2021 அக்டோபரில் 47 டாலருக்குச் சந்தைக்கு வந்தது. 2022-ல் விற்பனை 810 கோடி டாலர், 2023-ல் 739 கோடி, 2024-ல் 675 கோடி என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஆனால் அதே 2024-ல் முதலீட்டுச் செலவு போகக் கையில் மிஞ்சியது 110 கோடி டாலர், முந்தைய வருடத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்று கம்பெனி சொல்கிறது. விற்பனை குறையும்போது பணம் எப்படிக் கூடுகிறது? 7 நானோமீட்டர் என்ற மிக நுணுக்கமான சிப் தொழில்நுட்பத்தை 2018-லேயே கைவிட்டவர்களை நம்பி ஐந்து வருடம் பணம் போட்டு வைக்கலாமா?

குறிஞ்சி:
அந்த 110 கோடியைப் பார்த்து மயங்காதீர்கள் நண்பரே. 2022-ல் ஆலைக்கும் இயந்திரங்களுக்கும் 300 கோடி டாலருக்குமேல் கொட்டியவர்கள் 2024-ல் அதை 60 கோடி சொச்சத்துக்குக் குறைத்துவிட்டார்கள். தேய்மானமோ வருடத்துக்கு 150 கோடிக்குமேல். முன்பு வாங்கிப் போட்ட இயந்திரங்களை ஓட்டித்தான் இப்போது பணம் பார்க்கிறார்கள், தப்பில்லை, ஆனால் இது எத்தனை வருடம் ஓடும்?

நான் பார்ப்பது ஒரு வேஃபருக்கு (சிப்களை உருவாக்கும் வட்டச் சிலிக்கான் தகடு) என்ன விலை கிடைக்கிறது என்பதைத்தான். தட்டுப்பாட்டுக் காலத்தில் நீண்டகால ஒப்பந்தம் போட்ட வாடிக்கையாளர்களில் சிலர், 2023-ல் சொன்ன அளவுக்குச் சரக்கு எடுக்க முடியாமல் ஈடாகப் பணம் கட்டினார்கள், அது லாபத்தைத் தாங்கிப் பிடித்தது. அடுத்த முறை விலை பேச உட்காரும்போது எதிரே சீனப் போட்டியாளர்களான எஸ்எம்ஐசியும் ஹுவா ஹோங்கும் இருப்பார்கள். 28 நானோமீட்டரிலும் அதைவிடப் பழைய ரகங்களிலும்தான் சீனாவில் ஆலை மேல் ஆலையாகக் கட்டுகிறார்கள். மொத்த லாப விகிதம் 2023-ல் 28 சதவீதமாக இருந்தது, 2024-ல் 25-க்கும் கீழே வந்துவிட்டது. இதே தொழில் செய்யும் தைவானின் டிஎஸ்எம்சிக்கு அதே வருடம் 56.

உட்லண்ட்ஸ்வாசி:
சிங்கப்பூர் ஆலையைப் பார்த்தாலே இந்தத் தொழிலின் சிக்கல் புரியும். 2021-ல் சிப் கிடைக்காமல் கார் கம்பெனிகள் தவித்த நேரத்தில் 400 கோடி டாலர் விரிவாக்கத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். வருடத்துக்கு 4,50,000 வேஃபர் கூடுதலாகப் போடும் அளவு. அது திறந்தது 2023 செப்டம்பரில், அதற்குள் வாடிக்கையாளர்களின் கிடங்கெல்லாம் நிரம்பி ஆர்டர் குறைந்துவிட்டது. ஆலை பாதி ஓடினாலும் தேய்மானம் முழுசாகத்தான் விழும், அதனால் சரிவு வரும்போது லாபம் விற்பனையைவிட வேகமாகச் சரியும். ஆனால் திரும்பி ஏறும்போதும் அப்படித்தான் சார், கட்டிடமும் இயந்திரமும் ஏற்கெனவே நிற்கின்றன.

லேஅவுட் ராஜா:
குறிஞ்சி சொல்வதில் ஒரு பாதிதான் சரி. நான் சிப் வடிவமைப்பில் இருக்கிறேன். வாடிக்கையாளர் நினைத்தவுடன் சீன ஆலைக்கு மாறிவிட முடியாது. ஆலை மாறினால், டிரான்சிஸ்டர் எப்படி நடந்துகொள்ளும் என்று ஆலை தரும் மாடல் மாறும், லேஅவுட்டை, அதாவது சிப்பின் வரைபடத்தை, மறுபடி வரைய வேண்டும், அதை வேஃபரில் பதிக்கும் மாஸ்க் என்ற தகடுகளுக்கு மறுபடி செலவு. காருக்குப் போகும் சிப் என்றால் அதற்குமேல் தரச் சோதனை: மூன்று தனித்தனி லாட் (ஒன்றாகச் செய்த தொகுதி), லாட்டுக்கு 77 சிப், ஆயிரம் மணி நேரம் சூட்டில் வைத்து ஓட்டி ஒன்றுகூடப் பழுதாகக் கூடாது. அப்புறம் கார் கம்பெனி ஒப்புதல் தனி. இவர்களின் கார் சிப் விற்பனை 2023-லேயே 100 கோடி டாலரைத் தாண்டியதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஃபோனில் ஆன்டெனாவை ஒட்டி இருக்கும் சுவிட்சை 7 நானோமீட்டரில் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை, அங்கேயும் இவர்களுக்கு நல்ல பிடி உண்டு. சாதாரண 40 நானோமீட்டர் ஆர்டர்களில் மட்டும் விலைப்போட்டி கடுமையாக இருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

குறிஞ்சி:
சரி, கார் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வேலூரான், இன்னொன்று: 2024-ல் சுமார் 80 சதவீதப் பங்கு அபுதாபி அரசின் முதலீட்டு நிறுவனமான முபாதலாவிடம் இருந்தது. அந்த வருடம் மேயில் ஒரு பங்கு 50.75 டாலர் என்று 95 கோடி டாலர் பங்கை விற்றார்கள். விலை ஏறும்போதெல்லாம் அவர்கள் மறுபடி விற்க வரலாம்.

வேலூரான்:
இருவருக்கும் நன்றி, உட்லண்ட்ஸ் நண்பருக்கும்தான். இப்போதைக்கு நினைத்ததில் கால்வாசி மட்டும் வாங்குகிறேன். மொத்த விற்பனையில் கார் சிப்பின் விகிதம் கூடுகிறதா, மொத்த லாபம் 28-க்குத் திரும்புகிறதா என்று ஒவ்வொரு காலாண்டும் பார்த்துவிட்டு மீதியை முடிவு செய்கிறேன். ராஜா, ஒளியால் தகவல் அனுப்பும் சிப்களான சிலிக்கான் ஃபோட்டானிக்ஸிலும் அந்த மாதிரி பிடி இருக்கிறதா, டேட்டா சென்டர் பக்கம் அவர்கள் அதைத்தானே சொல்கிறார்கள்?