யூதப் பிள்ளையை வளர்க்கும் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் இருக்கலாமா?

எடிசன்வாசி:
நான் பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவள். கணவர் நியூஜெர்சியைச் சேர்ந்த சீர்திருத்தப் பிரிவு யூதர். மகளை யூதராக வளர்ப்பதென்று திருமணத்துக்கு முன்பே பேசி முடித்திருந்தோம். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, ஞாயிறுதோறும் ஜெப ஆலயப் பள்ளியில் எபிரேயம் படிக்கிறாள். டிசம்பரில் என் அம்மா ஊரிலிருந்து வந்து தங்கும்போது வீட்டில் மரமும் நட்சத்திர விளக்கும் வைப்பது வழக்கம். இனி அது கூடாது, வைத்தால் பிள்ளை யூதராக வளரமாட்டாள் என்கிறார் நாத்தனார். அவர் சொல்வது சரிதானா?

வடகரையான்:
அவர் சொன்ன விதம் கடுமையாக இருந்திருக்கலாம், ஆனால் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பியூ ஆய்வு மையம் 2020-இல் நடத்திய கணக்கெடுப்பின்படி, 2010-க்குப் பின் மணமுடித்த அமெரிக்க யூதர்களில் 61 விழுக்காட்டினரின் துணைவர் யூதரல்லாதவர். அடுத்த தலைமுறையைப் பற்றிய கவலை அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் மகளின் நிலை இன்னும் நுட்பமானது. மரபைக் காக்கும் ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் யூதப் பிரிவுகளின் சட்டப்படி தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை பிறப்பால் யூதர். தந்தை யூதராக இருந்தாலும் போதும் என்று அமெரிக்கச் சீர்திருத்த ரபிகள் (யூத மதகுருக்கள்) 1983-இல்தான் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அதிலும், பெயர்சூட்டல், தோரா (யூத வேதம்) கல்வி, பெண் பிள்ளை சமயப் பொறுப்பேற்கும் பாட் மிட்ஸ்வா சடங்கு போன்ற வெளிப்படையான செயல்களால் பிள்ளையின் யூத அடையாளம் நிலைநாட்டப்பட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. யூதத் தாய்க்குப் பிறந்த பிள்ளை மரத்தடியில் பரிசைப் பிரித்தால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை, ஆனால் வாழும் முறையை மட்டுமே சான்றாகக் காட்டக்கூடிய உங்கள் மகளுக்கு அந்தச் சலுகை இல்லை. மேலும், டிசம்பரை ஒட்டி வரும் யூதப் பண்டிகையான ஹனுக்கா என்பது அந்தியோக்கு மன்னன் திணித்த கிரேக்க வழிபாட்டை எதிர்த்து மக்கபேயர் என்ற யூதப் போராளிகள் எருசலேம் ஆலயத்தை மீட்டதன் நினைவு. அதை மற்றொரு சமயத்தின் பண்டிகையோடு கலந்து கொண்டாடுவது எனக்கு விநோதமாகப் படுகிறது.

நெய்தல்:
ஹனுக்காவுக்கு இவ்வளவு பாரம் ஏற்ற வேண்டியதில்லை. அது தோராவில் விதிக்கப்பட்ட பண்டிகை அல்ல. அந்நாட்களில் வேலை செய்யவும் தடையில்லை. இன்று அமெரிக்காவில் எட்டு இரவும் பரிசு குவிகிறதே, அந்த வழக்கமே கிறிஸ்துமஸுக்கு அருகில் வந்ததால் வளர்ந்ததுதான். கலப்பு கூடாதென்பவர் முதலில் அந்தப் பரிசுகளை அல்லவா நிறுத்த வேண்டும்? நான் தூத்துக்குடிக் கத்தோலிக்கன், மனைவி யூதர், வாஷிங்டன் அருகே வசிக்கிறோம். எங்கள் பிள்ளைகள் இரண்டு சமயங்களையும் முறையாகவே படிக்கிறார்கள். இப்படிச் சேர்த்துக் கற்பிக்கும் குடும்பக் குழுக்கள் இங்கும் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. தாயின் பண்டிகை ஒளித்துவைக்க வேண்டிய ஒன்று என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, அவளை யூத நெறியில் வளர்த்ததாக நாம் பெருமைப்பட முடியாது.

வடகரையான்:
உங்கள் மனைவி யூதர் என்பதால் இதை எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள். மற்றொரு சமயத்தில் முறையான கல்வி பெறும் பிள்ளைகளைத் தம் சமயப் பள்ளிகளில் சேர்க்க வேண்டாம் என்று சீர்திருத்த யூத இயக்கமே 1995-இல் தன் சபைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இயேசுவே மேசியா என்று ஞாயிற்றுக்கிழமை பாடும் பிள்ளை, மேசியா இன்னும் வரவில்லை என்ற நம்பிக்கையோடு வெள்ளிக்கிழமை மாலை ஜெபத்தில் நிற்க முடியுமா? இரண்டில் ஒன்றை அவள் வெறும் கதையாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

பாஸ்டன்தமிழன்:
ஒரு திருத்தம். 1983 தீர்மானத்தின் நிபந்தனை தாய் மட்டும் யூதராக உள்ள பிள்ளைக்கும் பொருந்தும், ஆகவே நெய்தல் அவர்களின் பிள்ளைகளுக்கும் அது உண்டு. நடைமுறையில் பல சபைகள் அதைக் கண்டுகொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

கேட்டவர் இரு சமய வளர்ப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர்கள் வீட்டில் அது முடிந்துபோன முடிவு. பாட்டியின் பண்டிகை பாட்டியின் பெயரிலேயே நடக்கலாமா என்பதுதான் கேள்வி. மரத்தை அகற்றினாலும் ஆர்த்தடாக்ஸ் ரபி ஒருவர் உங்கள் மகளை யூதராக ஏற்கப்போவதில்லை. அதற்கு மூவர் அமர்ந்த சமய நீதிமன்றத்தின் முன் மதமாற்றமும் மிக்வே நீர்த்தொட்டியில் முழுக்கும் வேண்டும். சிறுவயதில் அப்படி மாற்றப்பட்ட பெண் பன்னிரண்டு வயதில் அதை மறுக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. இஸ்ரேலில் 1970-இல் திருத்தப்பட்ட திரும்பிவரும் உரிமைச் சட்டம் அவளை யூதரின் மகளாகக் குடியேற அனுமதிக்கும், ஆனால் அங்குள்ள தலைமை ரபி மன்றம் அவளுக்கு யூதத் திருமணம் செய்துவைக்காது. இவை எதிலும் டிசம்பர் மரத்துக்கு இடமில்லை.

என் பார்வையில் உண்மையான சோதனை, எகிப்திலிருந்து யூதர் விடுதலை பெற்றதை நினைவுகூரும் பஸ்கா வாரம். ஈஸ்டர் ஞாயிறு பல ஆண்டுகளில் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. கோதுமை, வாற்கோதுமை, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களில் புளித்தது எதுவும் அப்போது வீட்டில் இருக்கக்கூடாது. ஈஸ்டர் கேக் மேசைக்கு வந்தால் அது நேரடி மீறல். (இட்லி தப்பித்துவிடும். அரிசியும் உளுந்தும் அந்த ஐந்தில் இல்லை. ஐரோப்பிய மரபு யூதர்கள் அவற்றையும் தவிர்த்துவந்தார்கள் என்றாலும், கன்சர்வேட்டிவ் ரபிகள் 2015-இல் அவற்றை அனுமதித்துவிட்டார்கள்.) அந்த வாரத்தைக் காத்து, வெள்ளிதோறும் ஓய்வுநாள் விளக்கேற்றி, பஸ்கா இரவின் செடர் விருந்தில் பிள்ளைகள் கேட்கும் நான்கு கேள்விகளையும் கேட்டு வளரும் பிள்ளைக்கு மரத்தால் எந்தக் கேடும் வராது. இவை எதுவும் இல்லாத வீட்டில் மரத்தை எடுத்துவிட்டால் மட்டும் அவள் யூதராகிவிடுவாளா?

வடகரையான்:
1983 பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் 'பாட்டியின் பண்டிகை' என்பது பெரியவர்கள் தங்கள் வசதிக்குச் சொல்லிக்கொள்வது. சின்னப் பிள்ளைக்குத் தெரிவது வீடு முழுவதும் விளக்கும் பரிசும்தான். ஹனுக்காவின் எட்டுச் சிறு மெழுகுவத்திகள் அந்த மரத்தோடு போட்டியிட்டு வெல்லாது. பாட்டியைத் தேவாலயத்துக்கு அழைத்துச் செல்லுங்கள், உடன் உண்ணுங்கள், வீட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.

எடிசன்வாசி:
வடகரையான் அண்ணன் சொல்வதற்கு நேர்மாறாகத்தான் நான் நினைக்கிறேன். மகளைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போய்ப் பாட்டியோடு அதிகாலை ஆராதனையில் உட்காரவைப்பதுதான் எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே நடப்பது வழிபாடு. மரத்தை யாரும் வணங்குவதில்லை. 2024-இல் ஹனுக்காவின் முதல் இரவு டிசம்பர் 25 மாலையிலேயே வந்தது. அன்று மெனோராவை (ஹனுக்கா விளக்குத்தண்டை) முன் ஜன்னலிலும் மரத்தை அம்மாவின் அறையிலும் வைத்தோம். நாத்தனாருக்கு அது போதவில்லை, அம்மாவுக்கோ மரம் அறைக்குள் போனது வருத்தம். இந்த ஆண்டும் அதே ஏற்பாடுதான் என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். பேத்திக்கு ஞானஸ்நானம் எப்போது என்று அம்மா தொலைபேசியில் கேட்டபோது, கொடுக்கப்போவதில்லை என்று நானே பதில் சொன்னேன். அந்தப் பதிலை என் கணவரோ நாத்தனாரோ சொல்லியிருந்தால் அம்மா எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்தியிருப்பார்.

நெய்தல்:
அம்மா ஈஸ்டர் வரை தங்குகிறார் என்றால் கேக் விஷயத்தையும் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.