கண் எட்டினால் கால் எட்டவில்லை: உயரம் குறைந்தவர்களின் கார் அனுபவங்கள்

தக்கலைக்காரி

நான் நாலு அடி பத்து அங்குலம். வண்டி பழசு, பேஸ் மாடல், சீட்டை ஏற்றி இறக்க வழி கிடையாது. அடியில் ஒரு குஷன், முதுகுக்கு ஒரு குஷன். இந்த ஏற்பாடு இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான், விளக்க வேண்டியதில்லை.

அழகியமண்டபம் பக்கம் ஒரு ஏற்றத்தில் முன்னால் போன லாரி நின்றுவிட்டது. என் பின்னால் ஒட்டினாற்போல் பஸ். கிளட்சை முழுக்க அமுக்கக் காலை நீட்டினேன். கால் போனது, கூடவே குஷனும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நான் சீட்டின் நுனியில். ஸ்டியரிங் மார்பில் இடிக்கிறது, கண் டேஷ்போர்டு மட்டத்துக்கு இறங்கிவிட்டது, பிரேக்கில் கால் பெருவிரல் மட்டும் படுகிறது. வண்டி பின்னால் நகர்கிறது. கண்டக்டர் குதித்து ஓடிவந்து கண்ணாடியில் தட்டி, "மக்களே, ஹேண்ட் பிரேக்கைப் பிடி, ஹேண்ட் பிரேக்கை" என்றார். பிடித்தேன். பஸ்ஸுக்கும் எனக்கும் ஒரு முழம் மிச்சம்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "தலாணிக்க மேலயா இருந்து ஓட்டுத?"

அடுத்த மாதம் வண்டி மாற்றப் போகிறேன். எந்தக் கார் நல்லது என்று பட்டியல் போட வேண்டாம். உட்கார்ந்து ஓட்டியபோது உங்களுக்கு என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள்.

பழைய சாரதி, வடசேரி

ஐந்தடி ஒரு அங்குலம். அம்பாசடரில் தொடங்கியவன். முன் சீட் பெஞ்சு மாதிரி ஒரே நீளம், நமக்காக முன்னால் இழுத்தால் பக்கத்தில் இருப்பவனும் சேர்ந்து வருவான். என் ஆசான் கோணிச்சாக்கை நாலாக மடித்துப் போட்டுத் தந்தார். அதன்மேல் இருந்துதான் திருவனந்தபுரத்துக்கும் மதுரைக்கும் ஓட்டினேன்.

ஒரு ராத்திரி களியக்காவிளை செக்போஸ்ட்டில் டார்ச் அடித்த போலீஸ்காரர் லைசென்ஸைக் கேட்கவில்லை, வயதைக் கேட்டார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு, இரண்டு பிள்ளைகள். பின்சீட்டில் கல்யாண வீட்டார் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இப்போதும் கேட்கிறது, அது கிடக்கட்டும்.

தங்கச்சி, குஷன் மேல் பழி போடாதீங்க. வெல்வெட்டுத் துணி வழுக்கும், சாக்கு வழுக்காது. நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் போதும். ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு எடுக்கப் பழகுங்கள். வண்டியை மாற்றுவதை விடப் பழக்கத்தை மாற்றுவது லாபம்.

குலசேகரம் சிஸ்டர்

அண்ணாச்சி, உங்கள் அம்பாசடரில் ஏர்பேக் கிடையாது. அதனால்தான் சாண் கணக்கு போதுமாக இருந்தது. 2019 ஜூலையிலிருந்து புதுக் கார் எல்லாவற்றிலும் டிரைவர் பக்கம் ஏர்பேக் கட்டாயம்.

நைட் டியூட்டி முடிந்து வருகிறேன், மழை, ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவே வளைவு. சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் மோதினேன். பெரிய வேகம் ஒன்றுமில்லை. மோதிய சத்தம் எனக்கு ஞாபகமே இல்லை. பட்டாசு வெடித்த மாதிரி ஒன்று கேட்டது, பிறகு வண்டி முழுக்க வெள்ளைப் பொடி, கருகின வாடை. தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்து ஈர இலைச் சருகில் விழுந்தேன். எழுந்து பார்த்தால் தீயே இல்லை. ஏர்பேக் சுருங்கி, காயப்போட்ட துணி போலத் தொங்குகிறது. வைப்பர் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

பெல்ட் போட்டிருந்தேன். ஆனாலும் தாடையிலும் முழங்கையின் உள்பக்கமும் தோல் உரிந்தது, நெஞ்செலும்பில் மயிரிழை விரிசல். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "ஸ்டியரிங்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருப்பீங்க?" என்று கேட்டார். நானும் உங்களைப் போல, "ஒரு சாண் இருக்கும் சார்" என்று கையை விரித்துக் காட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மாவின் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். என் சாண் ஆறரை அங்குலம். ஸ்டியரிங்கின் நடுவிலிருந்து நெஞ்செலும்பு வரை குறைந்தது 10 அங்குலம், அதாவது 25 செ.மீ. வேண்டும் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை சொல்லும் கணக்கு. விரியத் தொடங்கும் முதல் இரண்டு மூன்று அங்குலத்தில்தான் ஏர்பேக்குக்கு முழு மூர்க்கமும். எறும்பும் தன் கையால் எண்சாண் என்பார்கள், ஏர்பேக்குக்கு அது தெரியாது.

ஏர்பேக் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் முகமே போயிருக்கும்.

மெக் மச்சான்

நான் ஐந்தடி ஒன்பது, ஆனால் என் மனைவி ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. போன வருஷம் அவளுக்குக் கார் பார்க்க நாகர்கோவிலில் நாலு ஷோரூம் ஏறி இறங்கினோம். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எல்லாரும் சீட் உயரத்தையே பார்க்கிறார்கள். சீட்டை ஏற்றினால் கண் எட்டும், ஆனால் பெடல் அதே இடத்தில்தான் இருக்கும். கால் எட்டாமல் சீட்டை முன்னால் தள்ளுவோம், நெஞ்சு ஸ்டியரிங்கை நெருங்கும். கண், கால், நெஞ்சு மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியது மாதிரி. அதனால் ஸ்டியரிங் மேலே கீழே மட்டும் அசைந்தால் போதாது, உள்ளே வெளியேயும் போக வேண்டும். டெலஸ்கோப்பிக் என்பார்கள். உள்ளே தள்ளினால் இரண்டு அங்குலம் வரை கிடைக்கலாம். பலேனோ, பிரெஸ்ஸா மாதிரி வண்டிகளில் மேல் வேரியண்டுகளில் இருக்கிறது. பிரோஷரை நம்பாமல் கையால் இழுத்துப் பாருங்கள். அப்புறம் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள், ஏர்பேக் முகத்துக்கு வராமல் நெஞ்சுக்கு வரும்.

இரண்டாவது கிளட்ச். பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் குதிகால் ஊன்றி மிதிக்கலாம், கிளட்சை அடிவரை அமுக்கியே ஆக வேண்டும். சீட்டை முன்னால் இழுக்க வைப்பதே அதுதான். ஏஎம்டியோ (கிளட்ச் பெடல் இல்லாமல் வண்டியே கியர் மாற்றிக்கொள்ளும் ஒரு வகை) வேறு ஆட்டோமேட்டிக்கோ எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை, சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளலாம். நம் ஊர் ஏற்றங்களுக்கு ஹில் ஹோல்டு, அதாவது ஏற்றத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி உருளாமல் சில நொடி பிடித்துக்கொள்ளும் வசதி, இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் ஏஎம்டியும் பின்னால் உருளும்.

மூன்றாவது, குஷன். சாரதி அண்ணன் கோபிக்கக் கூடாது. சாக்கோ பஞ்சோ, மோதும்போது அது நசுங்கும், இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவும், பெல்ட் எலும்பை விட்டு வயிற்றில் ஏறிவிடும். பெல்ட்டின் மேல்பட்டை தோள் நடுவே போக வேண்டும், கழுத்தை அறுக்கக் கூடாது. கதவுத் தூணில் அதை ஏற்றி இறக்கும் கொக்கி இருக்கிற வண்டியாகப் பாருங்கள். முன் கண்ணாடி ஓரத்துத் தூணும் முக்கியம். முன்னால் தள்ளி உட்கார்ந்தால் வளைவில் அது ஒரு முழு பைக்கையே மறைக்கும்.

கடைசியாக ஸ்டார், அதாவது வண்டியை மோதவிட்டுப் பார்த்துப் பாதுகாப்புக்குத் தரும் மதிப்பெண், அதிகபட்சம் ஐந்து. வேகன் ஆர் உயரமான வண்டி, ஏறி உட்கார சுகம், ஆனால் 2023இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பின் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரு ஸ்டார்தான் வாங்கியது. டாடா பஞ்ச் 2021இல் ஐந்து வாங்கியது, ஆனால் அது பழைய விதிமுறை, இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. இன்னொன்று, இந்தச் சோதனைகளில் டிரைவர் சீட்டில் வைக்கும் பொம்மை சராசரி ஆண், சுமார் 175 செ.மீ., 78 கிலோ. ஐரோப்பாவில் 2015 முதல் ஒரு சோதனையில் 150 செ.மீ. பெண் பொம்மையை ஓட்டுநராக வைக்கிறார்கள். ஐந்து ஸ்டார் என்றால் உங்கள் உயரத்துக்கும் ஐந்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

திங்கள்சந்தை டீச்சர்

மச்சான், அவர் பட்டியல் வேண்டாம் என்றுதான் தொடங்கினார். அதோடு நாலு ஷோரூம் ஏறி இறங்கிய உங்கள் மனைவி என்ன சொன்னார் என்பது இதில் எங்கே?

என் கதை சின்னது. டிரைவிங் ஸ்கூலில் இருபது நாள் ஓட்டினேன். எட்டுப் போட்டேன், ரிவர்ஸ் எடுத்தேன், மாஸ்டர் ஒரே பாராட்டு. இருபத்தொன்றாம் நாள் பார்வதிபுரம் தாண்டிப் போகும்போது அவருக்கு ஒரு போன். பேச வசதியாகக் காலை மடக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டார். நான் கியர் மாற்றினேன். கரகரவென்று ஒரு சத்தம், வண்டி ஆடு மாதிரித் துள்ளி நின்றுவிட்டது.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் கால் கிளட்சில் பாதி தூரம்தான் போகிறது. இருபது நாளும் அவர் பக்கத்துப் பெடலில் என் கிளட்சையும் சேர்த்து அவரே மிதித்திருக்கிறார். அவருக்கே அது தெரியவில்லை, பழக்க தோஷம். "பேஷா ஓட்டுதீங்க டீச்சர்" என்று சொன்னது யாரைப் பற்றி என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

மெக் மச்சான்

மனைவி சொன்னது: "நீங்க இறங்குங்க, நான் தனியா ஓட்டிப் பாக்கணும்." சேல்ஸ் பையன் விடவில்லை. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். போதுமா டீச்சர்.

முட்டத்துக்காரன்

என் தம்பி நாலு அடி இரண்டு அங்குலம், பிறவியிலிருந்தே. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மருத்துவ, மரபணுக் காரணத்தால் 147 செ.மீ. அல்லது அதற்குக் கீழ் உயரம் உள்ளவர்களைச் சேர்த்திருக்கிறது. அவனுக்குக் குஷன் கணக்கெல்லாம் ஆகாது. பெடலை நீட்டி, காலடியில் ஒரு மேடை கட்டி, மாற்றத்தை ஆர்சியில் ஏற்றித்தான் ஓட்டுகிறான். ஆர்சியில் ஏற்றாமல் பட்டறையில் மட்டும் வேலையை முடித்துக்கொள்ளாதீர்கள், இன்சூரன்ஸில் மாட்டுவீர்கள்.

வண்டி வந்த அன்று லைட்ஹவுஸ் ரோட்டில் நிறுத்தியிருந்தோம். அவன் ஏறி உட்கார்ந்தான். குதிகால் அந்த மேடையில் பதிந்து நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட பெஞ்சில், பஸ்ஸில், பார்பர் கடை நாற்காலியில் எல்லாம் அவன் கால் தொங்கித்தான் பார்த்திருக்கிறேன். அம்மா பின்சீட்டில் ஏறப் போனாள். "யாரும் ஏறண்டாம், முதல்ல நான் போயிட்டு வாறேன்" என்றான். நூறடி போய்த் திரும்பி வந்து கண்ணாடியை இறக்கி, "இப்பம் ஏறுங்க" என்றான்.

தக்கலைக்காரி

சிஸ்டர், டேப் விஷயத்துக்கு நன்றி. என் வண்டியில் அளந்தேன், 17 செ.மீ. அன்றைக்கு முன்னால் மோதாமல் பின்னால் உருண்டது நல்லதாகப் போயிற்று.

நேற்று ஒரு ஷோரூமில் ஆட்டோமேட்டிக் ஒன்றில் உட்கார்ந்தேன். சீட்டை ஏற்றி, ஸ்டியரிங்கை உள்ளே தள்ளி, எப்போதும் போடும் செருப்போடு அளந்தால் 26. பெல்ட் தோளில் சரியாக விழுந்தது. பானெட்டின் முனை தெரியவில்லை, ஆனால் நடுப்பகுதி தெரிந்தது. எனக்கு அதுவே புதுசு. சேல்ஸ் பையன் டேப்பைப் பார்த்துவிட்டு, "தைக்கக் குடுக்கவா மேடம்?" என்றான். பிறகு, "சார் வந்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்திரட்டும்" என்றான். சார் ஐந்தடி பத்து, அவருக்கு எந்த வண்டியும் எட்டும். ஞாயிற்றுக்கிழமை நான்தான் போகிறேன், ஏற்றம் உள்ள ரோட்டில் ஓட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

பழைய சாரதி, வடசேரி

வீட்டில் யாருக்கும் தெரியாமல் பேத்தியின் ஸ்கேலை எடுத்துப்போய் அளந்தேன். இப்போது ஓட்டும் வண்டியில் பதினெட்டரை செ.மீ. சாக்கை எடுத்துவிட்டு அளந்தால் இருபது, ஆனால் ரோடு தெரியவில்லை.

ஸ்கேல் சரியாக நிற்கவில்லை, வயிறு இடித்தது. நாளைக்கு டேப் வாங்கி இன்னொரு தடவை பார்க்கிறேன்.