மொன்ஸ்டெரா அல்போ ஒன்லைன்ல எடுக்கலாமா? கல்லடிக் காத்துக்கு நிக்குமா?

வாவிக்கரை
அண்ணாமார் அக்காமார் ஒரு உதவி. கன நாளா மொன்ஸ்டெரா அல்போல ஒரு கண், அந்த வெள்ளையும் பச்சையுமா இலை கிழிஞ்சு கிழிஞ்சு வாற கொடி. பேஸ்புக்ல கண்டிப் பக்கம் ஒராள் ஒத்தை இலைக் கட்டிங் 18,000 எண்டு போட்டிருக்கார், இலை முக்கால்வாசி வெள்ளை, சரியான வடிவு. இன்னொரு பேஜ்ல பத்து விதை 1,500. எது எடுக்கிற? வீடு மட்டக்களப்பு கல்லடி, கடலுக்குக் கிட்ட, கிணத்துத் தண்ணி கொஞ்சம் உவர். வீட்டுக்குள்ளதான் வைக்கப் போறன். விலையை எங்கட அவருக்கு இன்னும் சொல்லல்ல 😬

பூக்கண்டுப்பைத்தியம்
விதையை மறந்திருங்க தங்கச்சி. அல்போட வெள்ளை விதையால வாறதில்ல, கட்டிங் வச்சுத்தான் பெருக்கிறது. அந்தப் பத்தில சும்மா பச்சை மொன்ஸ்டெரா முளைச்சாலே பெரிய விசயம்.

மற்றது, இலையைப் பார்த்துக் காசைக் குடுக்காதீங்க, தண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. கணுவில சின்னதா ஒரு முளைக்கண் புடைச்சுக்கொண்டு நிக்கும், அது முழு வெள்ளைப் பக்கத்தில இருந்தா வாற இலை எல்லாம் வெள்ளையாப் போகும், பச்சையம் இல்லாம கண்டு எப்பிடிச் சாப்பாடு செய்யிற, கொஞ்சம் கொஞ்சமா நலிஞ்சிரும். முழுப் பச்சையில இருந்தா பச்சை இலைதான். ரெண்டும் கீறு கீறாக் கலந்து ஓடுற தண்டு எண்டா எடுங்க. கணுவே இல்லாம இலையும் காம்பும் மட்டும் எண்டா தண்ணியில வேர் விட்டாலும் விடும், புதுக்குருத்து வராது.

மட்டுநகரான்
18,000 குடுக்கிற எண்டா நான் தாய் கான்ஸ்டலேஷன்தான் சொல்லுவன். தாய்லாந்து லேப்ல திசு வளர்ப்பில வந்த மொன்ஸ்டெரா சாதி, பால்மா தெளிச்ச மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும், அல்போ போல திடீரெண்டு பச்சைக்குத் திரும்புற சேட்டை குறைவு. வெளிநாட்டில இருந்து ஆரும் பேக்ல வச்சுக் கொண்டுவாறம் எண்டா மட்டும் ஓம்படாதீங்க, விவசாயத் திணைக்களத்திட அனுமதி முதலே எடுக்கோணும், இல்லாட்டி கட்டுநாயக்க எயார்போட்டில பறிச்சிருவாங்க.

படுவான்கரை
நான் வச்சிருக்கிறது பச்சை மொன்ஸ்டெராதான், ஆனா ஊர் ஒண்டுதானே அதால சொல்றன், இஞ்ச பிரச்சினை வெயிலை விட கச்சான் எண்ட வறண்ட சூட்டுக் காத்து, ஜூன் ஜூலையில அது மேற்கால அடிச்சா ரெண்டு நாளையில இலை ஓரம் கருகி அப்பளமா நொறுங்கும், வெள்ளைப் பகுதி எண்டா இன்னும் கெதியாப் போகும், அதால கிழக்குப் பக்க யன்னலுக்கு உள்ளால வைங்க, காலை வெயில் திரைச்சீலையால வடிஞ்சு வந்தாப் போதும், ஃபேனுக்கு நேர கீழ வைக்காதீங்க. உங்கட பக்கம் கடல் காத்தில உப்புப் படியும், ஈரத் துணியால இலையைத் துடைச்சு விடுங்க.

உவர்த் தண்ணி வேண்டாம், மாரியில மழைத்தண்ணி பிடிச்சு வைங்க, கோடையில அதை ஊத்தலாம். மாரியில தண்ணி குறைக்கோணும், விரலை விட்டுப் பார்த்து மேல் மண் காய்ஞ்ச பிறகு ஊத்தினாக் காணும், இல்லாட்டி வேர் அழுகும்.

பூக்கண்டுப்பைத்தியம்
கச்சான் கதை நூறு வீதம் உண்மை. சாடிக் கலவைக்குத் தேங்காய்ப் பொச்சை சின்னச் சின்னத் துண்டா வெட்டி, கரித்துண்டு, உமிக்கரி, கொஞ்சம் கூட்டெரு. உமிக்கரிக்கு அம்பாறைப் பக்கம் ஆரும் தெரிஞ்சா மூட்டையாவே எடுக்கலாம். பொச்சை மட்டும் கழுவாமப் போடாதீங்க, அதிலயும் உப்பு இருக்கும், தேத்தண்ணி நிறத்தில வாற சாயம் தெளியிற வரைக்கும் ஊறவச்சு ஊத்துங்க. ஏற விடுறதுக்கு பிவிசி பைப்பில தும்புக் கயித்தைச் சுத்தி நடுங்க, கயிறு ஈரமா இருந்தாத்தான் வேர் பிடிக்கும், ஏற ஏறத்தான் இலை பெருத்துக் கிழியும். சின்னப் பிள்ளையள், பூனை இருந்தா கவனம், கடிச்சா வாய் எரிஞ்சு வீங்கும்.

வாவிக்கரை
எல்லாருக்கும் நன்றி! கண்டிக்காரரிட்ட தண்டுப் படம் கேட்டிருக்கன், இன்னும் பதில் இல்ல. வந்தா இதில போடுறன், பார்த்துச் சொல்லுங்க.

மட்டுநகரான்
அவர் படம் அனுப்பி எடுக்கிற எண்டா திங்கக்கிழமை கூரியர்ல போடச் சொல்லுங்க. வெள்ளி போட்டா சனி ஞாயிறு பெட்டிக்குள்ளயே கிடந்து வேகும்.